வாய் பேசாத பிள்ளையின் வயிறு பேசினால்...

சிறப்புக் குழந்தைகளின் குடல் கோளாறுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் மருந்து சொல்கிறார்கள். எது கைகொடுக்கும்? எது கையைச் சுடும்?

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது பிரம்மதேசம். பாடலீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் என்று இரண்டு பழங்காலக் கோயில்கள் உள்ள சின்ன ஊர். பக்கத்து ஊர் எண்ணாயிரம். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. படிக்கிற பிள்ளைகளின் சாப்பாட்டுக்குத் தினமும் இத்தனை நெல் என்றுகூடக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

என் அக்காவை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அக்காவுக்கு ஒரே பையன், எட்டு வயசு. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போவான். பசித்தால் தட்டை எடுத்து வந்து மடியில் வைப்பான். ஆனால் 'வயிறு வலிக்கிறது' என்பதை எப்படி இழுத்துக் காட்டுவது?

போன தடவை நான் போயிருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ சத்தம். எழுந்து பார்த்தால், பிள்ளை ஜன்னல் திண்டின் விளிம்பில் வயிற்றை அழுத்தி அழுத்தி மோதிக்கொண்டிருக்கிறான். கண் முழுக்கத் தண்ணீர்.

"தினமும் இதே கதைதான்டா தம்பி" என்றாள் அக்கா. "ஆறு மாசமா வயித்தால போவுது. ஜட்டியெல்லாம் கறை. அவனும் தூங்கறதில்ல, நாங்களும் தூங்கறதில்ல."

சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒன்பது பொட்டலம், நாலு புட்டி! எதிலும் பெயர் இல்லை. டவுனில் ஒருவர் கொடுத்தாராம். "ஆட்டிசமே குடலில்தான் இருக்கிறது. கெட்ட கிருமியை வெளியேற்றினால் மூன்று மாதத்தில் பேசுவான்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. பிள்ளைக்குப் பால் கிடையாது, தயிர் கிடையாது, கோதுமை கிடையாது, பழம் கிடையாது. கன்னம் ஒட்டிப்போய் இருந்தான்.

இதை எழுதத் தோன்றியது அந்த ராத்திரியில்தான். ஏனென்றால் இது என் அக்கா வீட்டுக் கதை மட்டும் இல்லை.

குடலுக்குள் ஒரு தனி உலகம்

நம் பெருங்குடலில் கோடானு கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலானவை நமக்கு வேலை செய்கிற கூட்டம். நாம் ஜீரணிக்க முடியாத நாரையும் மாவையும் அவை தின்று, குடல் சுவருக்குத் தேவையான சில அமிலங்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. வைட்டமின் கே போன்ற சில சத்துக்களும் அவற்றின் உபயம். கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காவல் காப்பதும் அவைதான். அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்த நல்ல கூட்டமும் சேர்ந்து அடிபடும்.

சிறப்புக் குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நடமாட்டம் குறைவு, தசையில் இறுக்கம், விழுங்குவதில் சிரமம். அதனால் மலச்சிக்கலும் எதுக்களிப்பும் வரும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குத் தைராய்டு குறைவு இருக்கலாம், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கலாம், சிலருக்குப் பிறவியிலேயே குடல் நரம்புக் குறை இருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தையோ, வெள்ளைச் சோறு, பிஸ்கட், அப்பளம் என்று நாலைந்து பொருளைத் தவிர எதையும் தொடாது. கழிவறையின் வாசனையும் ஈரத் தரையும் பிடிக்காமல் மலத்தை அடக்கிக்கொள்ளும். வலிப்புக்கும் மற்றவற்றுக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளும் வயிற்றைப் பாதிக்கலாம்.

சரி, குடல் பாக்டீரியா கெட்டதால் ஆட்டிசம் வந்ததா? இல்லை, ஆட்டிசத்தால் சாப்பாடு சுருங்கி, அதனால் பாக்டீரியா மாறியதா? கோழியா முட்டையா கதைதான். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 247 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து 2021-ல் 'செல்' என்ற ஆய்வு இதழில் எழுதினார்கள். ஆட்டிசத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. வகை வகையாகச் சாப்பிடாத குழந்தைக்கு பாக்டீரியாவிலும் வகை குறைகிறது என்றார்கள். ஆக, 'எல்லாம் கிருமி பண்ணுகிற வேலை' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மாற்று மருத்துவம் - ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பால், கோதுமை தவிர்த்த பத்தியம்: உலகம் முழுக்கப் பெற்றோர் முயன்று பார்க்கிற பத்தியம் இது. அமெரிக்காவில் 14 சிறு குழந்தைகளைக் கண்டிப்பாக இந்தப் பத்தியத்தில் வைத்து, பிறகு யாருக்கும் தெரியாமல் பாலையும் கோதுமையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. நடத்தையிலோ, தூக்கத்திலோ, மலம் போவதிலோ வித்தியாசம் தெரியவில்லை. சீலியாக் நோயோ பால் ஒவ்வாமையோ இருந்தால் பத்தியம் அவசியம், அதைப் பரிசோதித்துச் சொல்லிவிடலாம். ஒன்று கவனியுங்கள், சீலியாக் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் சரியாகக் காட்டாது. காரணமே இல்லாமல் பாலை நிறுத்தினால் எலும்புக்குச் சேர வேண்டிய கால்சியம் குறையும். ஏற்கெனவே நாலு பொருள் மட்டும் சாப்பிடுகிற பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

நல்ல பாக்டீரியா பொடிகள்: 'புரோபயாட்டிக்' என்று மருந்துக் கடையில் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் உருப்படியான ஒரு பெரிய ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் செய்து, 2017-ல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வகை பாக்டீரியாவை அதற்கான உணவோடு சேர்த்துக் கொடுத்ததில், ரத்தத்தில் கிருமி பரவி வரும் நோயும் அதனால் ஏற்படும் இறப்பும் 9 சதவிகிதத்திலிருந்து 5.4 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் அது ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளுக்கு, ஒரு குறிப்பிட்ட வகையால், ஒரு குறிப்பிட்ட பலன். 'எல்லாப் பொடியும் எல்லா நோய்க்கும்' என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஆட்டிசம் உள்ள 30 இந்தியக் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியான ஆய்வில், அவர்கள் குடலில் 'லாக்டோபேசில்லஸ்' என்ற பாக்டீரியா மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கடையில் 'நல்ல பாக்டீரியா' என்று விற்பதில் பெரும்பங்கு இந்த இனம்தான்! எது குறைவு, எது அதிகம் என்று தெரியாமலேயே வாங்கி ஊற்றுகிறோம். சாதாரணக் குழந்தைக்கு இதனால் பெரிய கெடுதல் வராது, பணம்தான் போகும். ஆனால் குறைமாதக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, ரத்தக் குழாயில் டியூப் உள்ள குழந்தை ஆகியோருக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

பீட்டா குளுக்கான்: தமிழ்நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஒருவகைக் கறுப்பு ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இந்தப் பொருளை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலும் தூக்கத்திலும் முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 18 குழந்தைகள். பெரிய அளவில், வேறு ஆட்களும் செய்து பார்த்து அதே முடிவு வந்தால்தான் நம்பலாம்.

மலம் மாற்று சிகிச்சை: முகம் சுளிக்காதீர்கள்! ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள 18 குழந்தைகளுக்குச் செய்து 2017-ல் வெளியிட்டார்கள். வயிற்றுத் தொல்லை சுமார் 80 சதவிகிதம் குறைந்ததாம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்ததாகச் சொன்னார்கள். உலகமே பரபரப்பானது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து கொடுத்த இன்னொரு கோஷ்டி அந்த ஆய்வில் இல்லை. 'பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது' என்ற நம்பிக்கையே பெற்றோர் கண்ணுக்கு முன்னேற்றமாகத் தெரியக்கூடும். இதில் ஆபத்தும் உண்டு. 2019-ல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி, ஒருவர் இறந்தே போனார். ஆராய்ச்சி மருத்துவமனைக்கு வெளியே, அதுவும் வீட்டில், இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

ஆன்டிபயாடிக்: 2000-ல் அமெரிக்காவில் 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் என்ற மருந்தை எட்டு வாரம் வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ என்ற பிள்ளையின் தாய் எலன் போல்ட் நூலகம் நூலகமாகத் தேடிப் படித்து, 'குடல் கிருமிதான் காரணமாக இருக்குமோ?' என்று கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த முயற்சி அது. பெரும்பாலான பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. ஒரு தாயின் கேள்வி ஆராய்ச்சிக்கே வழி திறந்தது என்பது பெரிய விஷயம். ஆனாலும் அதை வீட்டு வைத்தியமாக்க முடியாது.

நாட்டு மருந்து: மாந்தம் என்பது நம் பாட்டிகள் நன்றாக அறிந்த சொல். ஓமத் தண்ணீர், சுக்கு, பெருங்காயம் என்று அளவோடு கொடுப்பதில் பெரிய பயம் இல்லை. வசம்பு அப்படி அல்ல. அதிலுள்ள அசரோன் என்ற பொருளை முன்னிட்டு 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துப் புகட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது, வயிற்றை அமுக்குவது - இதெல்லாம் வாய் பேசாத பிள்ளைக்கு இரட்டைக் கொடுமை.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, அங்கே நடந்திருக்கிறது. எந்தெந்த மருந்தை இருப்பு வைக்க வேண்டும் என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்பே மருந்துக்குப் பெயர் சொன்ன மண் இது. அக்கா வீட்டு அலமாரியில் இருந்த பொட்டலங்களில் பெயர் எங்கே?

பெயர் இல்லாத பொடியில் ஈயமோ பாதரசமோ இருந்தால் யாருக்குத் தெரியும்? 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தாக்கும். சித்தா பார்க்க விரும்பினால் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

தொடவே கூடாதவை: 'அற்புதத் துளி' என்ற பெயரில் குளோரின் டை ஆக்சைடு விற்கிறார்கள். அது துணி வெளுக்கிற மருந்தின் உறவுக்காரன். 'உடம்பிலுள்ள உலோகத்தை எடுக்கிறேன்' என்று ஊசி போடுகிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் அந்த ஊசியால் இறந்துபோனான். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா மகனுக்கு என்னதான் ஆயிற்று?

மறுநாள் காலையில் அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனோம்.

குழந்தை டாக்டர் அதிகம் பேசவில்லை. பிள்ளையை அக்கா மடியிலேயே சாய்க்கச் சொல்லி, அடிவயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "தொட்டுப் பாருங்கம்மா, கல்லு மாதிரி இருக்கா?"

"ஆமாங்க. இது என்னங்க? கட்டியா?"

"மலம்மா. நாள்கணக்கில் அடைச்சிருக்கு. அதைச் சுத்திக்கிட்டு வழியிற தண்ணிதான் ஜட்டியில படியுது. உங்க பிள்ளைக்கு இருக்கிறது பேதி இல்ல, மலச்சிக்கல்!"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதமாகப் பேதியை நிறுத்துகிற பொடியை அல்லவா அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்! அடைத்த குழாயை மேலும் அடைத்திருக்கிறோம். பழமும் இல்லாமல் பண்ணியிருக்கிறோம்.

பொட்டலங்களையெல்லாம் அன்றே நிறுத்தச் சொன்னார் டாக்டர். அடைப்பை இளக்க ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். முதலில் அதிக அளவு, பிறகு மாதக்கணக்கில் குறைந்த அளவு. 'சரியாகிவிட்டது' என்று நாமாக நிறுத்தக் கூடாது, விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர நாளாகும் என்றார். தினமும் சாப்பிட்ட அரைமணிக்குள் கழிவறையில் ஐந்து பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், பாதம் நன்றாகப் பதிய வேண்டும், போகாவிட்டாலும் திட்டக் கூடாது என்றார்.

ஈரத் தரையைக் கண்டால் பையன் அலறுவான். மாமா ஒரு மரப்பலகையை அறுத்துக் கால் வைக்கப் போட்டார். கழிவறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, சாப்பாட்டுத் தட்டின் படத்துக்கு அடுத்து இது என்று காட்டினாள் அக்கா. மூன்றாவது வாரம் போன் வந்தது.

"தம்பி, நேத்து ராத்திரி விடிய விடியத் தூங்கினான்டா!" அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

பையன் இன்னும் பேசவில்லை. ஆட்டிசம் போய்விடவும் இல்லை. ஆனால் வயிற்றை மோதுவது நின்றுவிட்டது. சிறப்புப் பள்ளியில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்காருகிறானாம். வலி இல்லாத பிள்ளைதானே பாடத்தைக் கவனிக்க முடியும்?

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

பேச்சு இல்லாத குழந்தையின் வயிற்றுவலி வேறு ரூபத்தில் வரும். மேஜை முனையில் வயிற்றை அழுத்துவது, திடீரென்று தன்னையோ பிறரையோ அடிப்பது, ராத்திரி விழித்து அழுவது, சாப்பிடும்போதே எழுந்து ஓடுவது, கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பது, உள்ளாடையில் கறை. 'இவனுக்கு ஆட்டிசம், அப்படித்தான் இருப்பான்' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மற்றக் குழந்தைக்குச் செய்கிற அதே வயிற்றுப் பரிசோதனை இந்தக் குழந்தைக்கும் வேண்டும் என்று 2010-ல் அமெரிக்க நிபுணர்கள் கூடி அறிவித்தார்கள்.

மலத்தில் ரத்தம், எடை குறைதல், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், காய்ச்சலோடு வலி - இவை இருந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

மருந்து விற்பவரிடம் கேளுங்கள்

* இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? எழுதிக் கொடுப்பீர்களா?
* உங்கள் பதிவு எண் என்ன? மருந்துக்கு லைசென்ஸ் எண் உண்டா?
* எத்தனை நாளில் என்ன பலன் தெரியும்? தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா?
* டாக்டர் கொடுக்கிற வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறீர்களா? ('ஆமாம்' என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்!)

நம் சமையலறையிலேயே...

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பேராசிரியர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மாவைச் சேர்த்துக் கொடுத்ததில் பேதி சீக்கிரம் குறைந்தது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவைத் தின்று, தண்ணீரை உறிஞ்ச உதவுகிற அமிலங்களைத் தயாரித்ததுதான் காரணம். சோறு வெந்து ஆறும்போது இதே வகை மாவு அதில் கொஞ்சம் உருவாகிறது. ஆம், நம் பழைய சோறுதான்! சுத்தமான தண்ணீர் ஊற்றி ஒரே ராத்திரி வைத்து, காலையில் தயிர் சேர்த்துக் கொடுக்கலாம். வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாவால்தான். ஆனால் வேகும்போது அவை செத்துவிடும். ஜீரணத்துக்கு எளிது என்பதே இட்லியின் பெருமை. உயிரோடு பாக்டீரியா வேண்டுமென்றால் வீட்டுத் தயிரும் மோரும்.

கொய்யா, பப்பாளி, வாழைத்தண்டு, கீரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். சாப்பிடுகிற வெள்ளைச் சோற்றின் ஓரத்தில் ஒரு துளி மசித்த பருப்பு. நாலு நாள் அதைத் தொடாவிட்டாலும் தட்டில் இருக்கட்டும். பத்தாவது நாள் நாக்கில் வைப்பான். அக்கா வீட்டில் ஒரு வில்லைப் பப்பாளிக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

எங்கே போவது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிக்கலானவற்றுக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். பேச்சு, நடத்தைப் பயிற்சிகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ம் வருடத்துச் சட்டத்தில் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகள் சேர்ந்துள்ளதால், அடையாள அட்டை வாங்கத் தயங்க வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான 'நிராமயா' காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

அக்காவின் வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. "அது கிடக்கட்டும்டா, மெதுவா மீட்டுக்கலாம்" என்கிறாள். "ஆறு மாசம் அவன் வலின்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். நமக்குத்தான் கேக்கலை."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி அவன் வயிற்றில் மெதுவாகக் கை வைத்துப் பாருங்களேன்.